மேல் அறை அவருக்கு

உனக்கு,

நீ கேட்ட இழுப்பறைப் பெட்டி தயார். ஐந்து அறைகளின் முகப்பையும் ஒரே பலகையில் அறுத்தேன். மரத்தின் ரேகை மேலிருந்து கீழ்வரை அறாமல் ஓடுகிறது. வேலை சுத்தம். மனசைப் பற்றிக் கேட்காதே.

என்னை விட்டுப் போன பிறகு முதன்முறையாகப் பட்டறைக்கு வந்து, "மேல் அறை அவருக்கு. சட்டை மடிப்பு கலையக் கூடாது, கொஞ்சம் ஆழமா வைங்க" என்றாய். உன்னோடு வாழ்ந்த காலமெல்லாம் என் சட்டை கதவுக்குப் பின்னால் ஆணியில்தான் தொங்கியது. அந்த ஆணியையும் நான்தான் அடித்தேன்.

அளவுக்கு அவர் சட்டையைக் கொடுத்துவிட்டுப் போனாய். காலர் மடிப்பில் உன் கைவாகு தெரிந்தது.

உன் நான்கு அறைகளும் சுண்டுவிரல் பட்டாலே ஓடிவரும். அவருடையதை இழைக்கும்போது மட்டும் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்தி, ஒரு மயிரிழை தடிப்பாக விட்டுவிட்டேன். இப்போது தெரியாது. மழை பிடித்தால் மரம் ஊதி இறுகிவிடும். அவரை இழுக்க விடாதே, கைப்பிடி கையோடு வந்துவிடும். வேறு தச்சரையும் கூப்பிடாதே. இரண்டு இழைப்பு வேலைதான், நானே வருகிறேன்.

அவர் வீட்டில் இல்லாத நாளாகப் பார்த்துச் சொல்.

இப்படிக்கு,
பெட்டி செய்தவன்