ஏலரிசி அளவு சூடு

ஏலக்காய் எடுத்துவிட்டு இன்று மதியம் ஓடையில் முகம் கழுவினேன். தண்ணீர் நெற்றியில் பட்டதும் உடம்பு சிலிர்த்தது. முகத்தை முழுதாக முக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்திருப்பாயே, அதே இடம்தான்.

உடும்பஞ்சோலைக்கு நீ மருமகளாக வந்தபோதே உனக்கு அது இருந்தது. ஏலக்காய் எடுத்துக்கொண்டே இருப்பாய். திடீரென்று நெஞ்சு படபடவென்று ஓட ஆரம்பிக்கும். கழுத்து நரம்பு துடிக்க, கூடையை வைத்துவிட்டு ஓடைக்குப் போவாய். குளிர்ந்த தண்ணீரில் முகத்தை முக்கினால் சில சமயம் அந்த ஓட்டம் பட்டென்று நின்றுவிடும். யாரும் சொல்லித்தராமல் நீயே கண்டுபிடித்த வைத்தியம். உன் மாமியார் பயந்த கோளாறு என்று கயிறு கட்டினார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் ஓட்டம் அடங்கிவிடும். ஈசிஜியில் ஒன்றும் தெரியாது. சூப்பர்வைசரிடம் நானும் ஒருநாள் சொன்னேன், வேலைக்கு டிமிக்கி கொடுக்க நடிக்கிறாள் என்று. அது உன் காதில் விழுந்தது. மறுநாளும் என் பக்கத்தில் நின்றுதான் காய் எடுத்தாய்.

பிறகு ஒருநாள் செடிகளுக்கு நடுவே மயங்கி விழுந்தாய். ஜீப்பில் என் மடியில் கிடந்த உன் கையைப் பிடித்துப் பார்த்தேன்; துடிப்பை எண்ணவே முடியவில்லை. அன்றுதான் முதன்முறையாக, அடங்குவதற்குள் ஈசிஜி எடுத்தார்கள். இதயத்தில் மின்சாரம் போகும் பாதை தவிர, பிறவியிலேயே இன்னொரு பாதையும் இருக்கிறது, இரண்டுக்கும் நடுவே மின்சாரம் சுற்றிச் சுற்றி ஓடுகிறது என்றார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

அங்கே டாக்டருக்குத் தமிழ் வராது; எனக்கு மலையாளம் தெரியும். பயத்தில் நீ என் கையை விடவுமில்லை. நீ விழித்திருக்க வேண்டிய சிகிச்சை என்பதால், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மைக் முன்னால் என்னை உட்கார வைத்தார்கள். தொடை இடுக்கு வழியாக ரத்தக்குழாய்க்குள் மெல்லிய வயர்களை ஏற்றி, இதயம்வரை கொண்டுபோனார்கள். திரையில் உன் இதயம் கோடு கோடாக நடந்துகொண்டிருந்தது. டாக்டர் வயர் வழியே தட்டித் தட்டி அந்த ஓட்டத்தை வேண்டுமென்றே எழுப்பினார். கோடுகள் நெருக்கியடித்து ஓடின.

"இது தன்னெயாணோ? சோதிக்கூ," என்று உன்னிடம் கேட்கச் சொன்னார் என்னை.

"ஏ புள்ள, இதானா ஒனக்கு வர்றது?" என்று மைக்கில் கேட்டேன்.

"இதாங்க்கா. நாஞ் சொன்னது இதான். நீயும் பாக்குறியா?"

பார்க்கிறேன் என்றேன்.

வயரின் நுனியைச் சூடாக்கினார்கள். ஓடிக்கொண்டிருந்த கோடுகள் ஒரு நொடி நின்று, பிறகு நிதானமாக நடந்தன. சுட்ட இடம், ஏலக்காய்க்குள் இருக்கும் ஓர் ஏலரிசி அளவுகூட இருக்காதாம். அரை மணி நேரம் பொறுத்து மறுபடி எழுப்பிப் பார்த்தார். வரவில்லை. கோயிலில்கூட எனக்கு அப்படிக் கை கூப்பத் தோன்றியதில்லை. இத்தனை வருஷம் உன் பக்கத்தில் நின்று காய் எடுத்தவள், உனக்குள் இருந்ததை அன்றுதான் கண்ணால் கண்டேன்.

வார்டில் உன்னிடம் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். நீ முடிக்க விடவில்லை. "அதான் பாத்துட்டியேக்கா," என்றாய்.

அதன்பிறகு ஒருமுறைகூட அது வரவில்லை. போன மழையில் காய்ச்சல் நுரையீரலுக்கு இறங்கி நீ போனபோதும், கட்டிலுக்கு மேலே திரையில் அந்தக் கோடுகள் கடைசிவரை ஒழுங்காகத்தான் நடந்தன. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

போன வாரம், புதிதாக வேலைக்கு வந்தவள் உள்ளங்கால் தீயாக எரிகிறது என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். எப்போதிருந்து, எந்த இடத்தில் என்று கேட்டேன். அவள் சொல்லி முடிக்கும்வரை நான் கூடையைத் தொடவில்லை.