கிழங்கின் தலை

சுபானு வருடம், மார்கழி 5. வத்தல்மலை.

நானே தோண்டிய காட்டுக்கிழங்கைத் தின்றுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். காலையில் செய்த முட்டாள்தனத்தை நினைத்தால் சிரிப்பு அடங்கவில்லை.

யுத்தம் வந்ததிலிருந்து மலைக்கு அரிசி ஒழுங்காக ஏறுவதில்லை. பக்கத்து வீட்டுப் பொன்னியும் அவள் புருஷனும் கிழங்கு தோண்டப் போகும்போது நானும் கூடவே போய், கொடியை அடையாளம் காணப் பழகினேன். இன்று பள்ளிக்கூடம் இல்லை. தனியாகப் போனேன். பாறையிடுக்கில் ஒரு கொடி. மத்தியானம் வரை தோண்டி, கை நீளக் கிழங்கை முழுசாக எடுத்துத் தோளில் வைத்து ஊரைச் சுற்றிக்கொண்டே வந்தேன். பொன்னி பார்த்தாள். பாராட்டுவாள் என்று நின்றேன்.

"என்னங்க வாத்தியாரே, தலையயும் பேத்துக்கிட்டு வந்துட்டீங்க. அடுத்த வருசம் அது எதுலங்க மொளைக்கும்?"

கிழங்கின் மேல்நுனியைக் குழியிலேயே விட்டு மண் மூட வேண்டுமாம். இதையெல்லாம் ஒருவருக்குச் சொல்ல வேண்டியிருக்கும் என்றே அவர்களுக்குத் தோன்றவில்லை. அவள் ஒரு சாண் தலையை அரிந்து கொடுத்தாள். மறுபடி மலையேறிப் புதைத்துவிட்டு வந்தேன். அதற்குள் கிழங்கை வேகவைத்திருந்தாள்.

"இனிமே அந்தக் கொடி உங்களுதுங்க. வேற யாரும் தொட மாட்டாங்க" என்றாள்.

சொந்த ஊரான இண்டூரில் எனக்கு ஒரு குழி நிலம்கூடக் கிடையாது.

அடுத்த மார்கழியில் தோண்டலாமாம்.

நோட்டில் தாள் தீர்ந்துவிட்டது. மாற்றல் கேட்டு எழுதி வைத்திருந்த மனுவின் பின்பக்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.