சூட்டு வலி

அன்புள்ள அம்மாவுக்கு, திருப்பூரிலிருந்து வளர்மதி. அப்பாவுக்கு முழங்கால் தேவலையா? போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால் இதை எழுதி, போட்டோ எடுத்துத் தம்பி போனுக்கு அனுப்புகிறேன்.

எனக்கு நிறைமாத வயிறு கீழே இறங்கிவிட்டது. நேற்று பனியன் கம்பெனியில் நின்று நின்று அலுத்து, இடுப்பு வலித்தது. பக்கத்து வீட்டு முத்தாயி அக்கா, "இது பிரசவ வலி இல்ல, சூட்டு வலிடி, சீரகத் தண்ணி குடிச்சா நின்னுடும்" என்றார். குடித்தேன், நின்றது. நீ பூலாம்பாடியில் வெங்காயம் பிடுங்கி முடித்த பிறகே வா. வரும்போது உன் பழைய நூல் புடவை எடுத்து வா, குழந்தைக்கு வேண்டும்.

இதோடு நிறுத்திப் படுத்துவிட்டேன். விடிந்ததும் வலி முதுகில் தொடங்கி முன்வயிற்றுக்கு வந்தது. சீரகத் தண்ணீருக்கு நிற்கவில்லை. விட்டு விட்டு வருகிறது, ஒவ்வொரு தடவையும் கூடுகிறது. அவர் ஆட்டோ பிடிக்கப் போயிருக்கிறார். வெங்காயம் மண்ணிலேயே கிடக்கட்டும். நீ வந்துடும்மா.