டாக்டரிடம் சொல்லாதது

ஜூன் 11, திங்கள்

பள்ளி முடித்து என்னவாகப் போகிறோம் என்று மூன்று விருப்பம் எழுதச் சொல்லி டீச்சர் படிவம் கொடுத்தார். முதலில் ரக்பி, அடுத்து நர்ஸ் என்று எழுதி மூன்றாவதைக் காலியாக விட்டேன். தோமாசி மூன்றிலும் ரக்பி. என் தாளை எட்டிப் பார்த்து, "நர்ஸா? உன் மூஞ்சியைப் பார்த்தா நோயாளி எழுந்து ஓடிடுவான் மச்சான்" என்றான். வகுப்பே சிரித்தது. மாமா பையன், எது சொன்னாலும் கோபப்பட முடியாது.

ஜூன் 23

மேட்சில் வென்றோம். பிரான்ஸ் ரக்பி கிளப்புக்கு ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பவர் வந்திருந்தார். என்னையும் தோமாசியையும் ஜோடியாக எடுப்பாராம். ஒருவன் மட்டும் என்றால் வேண்டாமாம்.

ஜூன் 27

பயிற்சியில் பந்து தோமாசியின் தோளில் பட்டு விழுந்தது. அவன் ஆற்றைப் பார்த்து நின்றுகொண்டிருந்தான். "எலிகி, நாம எந்தப் பக்கம் ஓடணும்?" என்று கேட்டான். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. சனிக்கிழமை மேட்சில் மோதியதிலிருந்தே தலைவலியாம். இந்த வருஷத்தில் தலையில் மூன்றாவது அடி.

"யார்கிட்டயும் சொல்லிடாத. பிரான்ஸ் சான்ஸ் எனக்கு மட்டுமில்ல, உனக்கும் போயிடும்."

ஜூலை 1, ஞாயிறு

தேவாலயத்தில் போதகர் எங்கள் இருவர் பெயரையும் சொல்லி ஜெபித்தார். பொறுக்க முடியாமல் வெளியே வந்ததும் தோமாசியின் தலைவலியை மாமாவிடம் சொல்லிவிட்டேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. "தெரியும். வீட்டுல வாந்தி எடுத்தான். இன்னும் ஒரே ஒரு மேட்ச், அப்புறம் ஓய்வெடுக்கட்டும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "கெஞ்சிக் கேக்குறேன் மருமவனே" என்றார்.

மாமா யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை.

ஜூலை 5

பிரான்ஸ் கிளப்புக்கான மருத்துவப் பரிசோதனை. தலையில் அடி பட்டதுண்டா? இல்லை என்றான் தோமாசி. மயக்கம்? இல்லை. டாக்டர் என் பக்கம் திரும்பினார். "நீ கூடவே விளையாடுறவன். எதாவது கவனிச்சியா?"

இல்லை என்றேன்.

அவனுக்காகச் சொன்னேனா? பொய். எனக்காக. விமானத்தில் ஜன்னல் ஓரத்து இருக்கையைக்கூட மனதுக்குள் பிடித்து வைத்திருந்தேன்.

ஜூலை 16

சனிக்கிழமை மேட்சில் நடந்தது. இன்றுதான் எழுத முடிகிறது.

பெரிய மோதல்கூட இல்லை. தோமாசி எழுந்து நின்றான். என்னை நோக்கி இரண்டடி வைத்தான். விழுந்தான். லௌடோகா ஆஸ்பத்திரியில் மண்டையைத் திறந்திருக்கிறார்கள். அந்தப் பந்தை அவனுக்குக் கொடுத்தது நான். நான்தான் குடுத்தேன். டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை — ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா —

ஜூலை 17

கண் திறக்கவில்லை.

ஜூலை 29

திறந்தான். யாரையும் தெரியவில்லை.

ஆகஸ்ட் 20

பிரான்ஸ் ஆள் பள்ளிக்கு வந்தார். நான் மட்டும் வந்தாலும் போதுமாம். ஜோடியாக என்றீர்களே என்றேன். "நிலைமை மாறிடுச்சு தம்பி." எனக்கு முன்பே தெரியும், டாக்டரிடம் மறைத்தேன் என்று சொன்னேன். ஒப்பந்தத்தை என் பக்கம் நகர்த்தி, "அதையெல்லாம் இதுல எழுத வேண்டியதில்ல" என்றார்.

எழுந்து வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 22

அப்பா பேச மறுக்கிறார். அம்மா கேட்டார்: "நீ போகாட்டா அவன் எழுந்து நடந்துடுவானா?"

இல்லை அம்மா.

செப்டம்பர் 12

டாக்டரைத் தேடிப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். மாமாவுக்குத் தெரியும் என்பதை மட்டும் விட்டுவிட்டேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "இப்ப சொல்றியே" என்றார். திட்டியிருக்கலாம்.

பிப்ரவரி 9, சனி

திங்கட்கிழமை சுவாவில் நர்சிங் கல்லூரி தொடங்குகிறது. சொல்லிக்கொள்ள மாமா வீட்டுக்குப் போனேன். தோமாசிக்கு மரவள்ளியையும் மீனையும் மசித்து ஊட்டினேன். இடது கை எழவில்லை. ஒவ்வொரு சொல்லும் இழுத்து இழுத்துத்தான் வருகிறது.

"மச்சான்... பிரான்சுக்கு எப்ப?"

தினமும் கேட்கிறானாம்.

"அடுத்த வாரம்டா."

"பெட்டி கட்டிட்டியா?"

"கட்டிட்டேன்."

கட்டித்தான் இருந்தேன், சுவாவுக்கு.

அவன் வாயைத் துடைத்துவிட்டேன். மாமா வந்து தட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "பஸ்ஸுக்கு நேரமாச்சு, கிளம்பு" என்றார்.