ஆண்டவருக்கு நேர்ந்த வான்கோழி

14 அக்டோபர் 1930, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். அல்சூர் ஏரிக்கரை முழுக்கச் சேறு. புடவைக் கரை போச்சு. மூன்றாம் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் வரவில்லை. வந்த பாதிக்கும் சளி.

செய்ய வேண்டியவை: ரோசி டீச்சரிடம் குடையைத் திருப்பி வாங்க. கோழிக்கூட்டுக்குக் கொக்கி. கர்னல் விஷயம்.

எங்கள் வீட்டில் கர்னல் என்றால் வான்கோழிச் சேவல். அப்பாவைப் பெற்ற ஆயா வளர்த்தது. பரேட் மைதானத்து வெள்ளைக்காரர் மாதிரி நெஞ்சை நிமிர்த்தி நடப்பதால் அந்தப் பெயர். ஆயா போய்ச் சேர்ந்து நாலு மாதம். கர்னலுக்கு யாரும் சொல்லவில்லை போலும். விடிந்தால் அவள் அறைக் கதவு முன்னால் நின்று கத்துகிறது.

ஞாயிறு எங்கள் வேதக்கோயிலில் அறுப்பின் பண்டிகை, விளைந்ததைக் காணிக்கை வைக்கும் நாள். பரிபூரணம் அத்தை சோறு போட்டுக்கொண்டே பிரசங்கம்: "கர்னல் அம்மா நேர்ந்துக்கிட்டது, குடுத்துத்தான் ஆவணும். ஏலத்துல திருப்பி எடுக்கிற பேச்சே கிடையாது. எவனாவது எடுத்துக்கினு போவட்டும். பேஜார் விட்டுது!"

"ஆமாக்கா, என் கால்ல அது கொத்தாத இடமே இல்ல" என்றார் சித்தப்பா.

நானும் தலையாட்டி வைத்தேன்.

15, புதன்

வெயில். துணி காய்ந்தது. தலைவலி.

அந்த நேர்ச்சையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு. சித்தப்பாவுக்கு டைபாய்டு வந்த வருஷம். டாக்டர் கையை விரித்துவிட்டார். ஆயா கூட்டிலிருந்து ஒரு வான்கோழிக் குஞ்சைத் தூக்கிக்கொண்டு வந்து கட்டிலருகே முழங்காலில் நின்றாள். சந்தையில் பேசுகிற அதே குரல். "ஆண்டவரே, பையனை எனக்கு விடும். இத நீர் எடுத்துக்கும். பெருசாக்கித் தரேன்." சித்தப்பா பிழைத்தார். குஞ்சும் பெருத்தது.

பண்டிகையன்று காணிக்கைப் பொருள்களை ஆராதனை முடிந்து கோயில் வளாகத்தில் ஏலம் விடுவார்கள். ஆயா கர்னலைக் காணிக்கையாக வைப்பாள். பிறகு முன்வரிசையில் போய் நின்று தானே ஏலம் கேட்பாள். ஒருமுறை திரும்பிப் பார்ப்பாள். அப்புறம் யார் வாய் திறப்பது? மகன் இன்னொரு வருஷம் உயிரோடிருந்தால் இன்னொரு காணிக்கை. அதே கர்னல். ஆண்டவருக்குச் சேவல், சபைக்குப் பணம், ஆயாவுக்குத் திரும்பவும் சேவல். இதில் ஏமாந்தது யார் என்று பாதிரியாருக்கே கடைசிவரை புரியவில்லை.

17, வெள்ளி

மறுபடி மழை. கொக்கி வாங்க மறந்தேன்.

வழியில் ஒரு பங்களா சமையல்காரர் நிறுத்தி, "முட்டைக்காரம்மா பேத்திதானே?" என்றார். ஆயா தலையில் கூடையோடு பங்களா பங்களாவாக நடந்தவள். "எக் மார்னிங், மேம். ஹென் ஸ்டில் சிட்டிங்" (காலையில் இட்டது, கோழி இன்னும் எழுந்திருக்கவில்லை) என்பதுதான் அவளுடைய மொத்த இங்கிலீஷ். அதை வைத்தே மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை விற்க மாட்டாள். கோழிக்கு ஓய்வுநாள் தெரியாதே, அன்றைக்கும் முட்டையிடும். அதெல்லாம் கோயிலுக்கு.

மாலை ஒரு பட்டாள மெஸ் பட்லர் வந்தார். கர்னலின் நெஞ்சைத் தடவிப் பார்த்து, "கிறிஸ்மஸுக்குச் சரியா இருக்கும்மா" என்றார். அத்தை வெகு மரியாதையாக, "ஞாயித்துக்கிழமை ஏலத்துக்கு வாப்பா" என்றாள்.

எனக்குக் கர்னலை விட மனசில்லை. என்னையும்தான் கொத்துகிறது, கொத்தட்டும். இந்த வீட்டில் ஆயாவை இன்னும் கூப்பிடுகிற ஒரே ஜீவன் அது. ஆனால் தலையாட்டித் தொலைத்தேனே, இப்போது எந்த முகத்தோடு கேட்பது?

18, சனி

ரோசியிடம் ரகசியமாகச் சம்பளத்தைக் கொடுத்தேன். எனக்குப் பதில் அவள் ஏலம் கேட்பாள். "பைத்தியமாடி உனக்கு?" ஆமாம். குடையை மறுபடியும் அங்கேயே விட்டுவிட்டேன்.

19, ஞாயிறு

ஆராதனை நீளம். பூசணி, வாழைத்தார், யாரோ செய்த கருகின கேக் எல்லாம் போய்க் கடைசியில் கர்னல். ஏலம் விட்ட சபை மூப்பர் அதைத் தம் உடம்பிலிருந்து எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரத்தில் பிடித்திருந்தார்.

பட்லர் ஆரம்பித்தார். ரோசி ஏற்றினாள். ஆண்கள் பக்கத்திலிருந்து எங்கள் பால்கார முனிசாமி ஏற்றினான். "இந்த வெலைக்குக் குதிர வாங்கலாம்" என்று பட்லர் ஒதுங்கினார். ரோசி, முனிசாமி, ரோசி, முனிசாமி. எனக்கு ஆத்திரம். பால்காரனுக்கு வான்கோழி எதற்கு? எட்டிப் பார்த்தால், முனிசாமியின் முதுகை விரலால் குத்திக்கொண்டு சித்தப்பா! அதே நொடியில் அவரும் என்னைப் பார்த்துவிட்டார்.

பிறகுதான் காரியம் கெட்டது. ரோசியின் கையைப் பிடித்து, "விட்டுடு, சித்தப்பா எடுக்கட்டும்" என்றேன். அங்கே அவர் முனிசாமியின் வாயைப் பொத்தினார். இந்த இடைவெளியில், ஒதுங்கிய பட்லர் மனசு மாறி ஒரு கால் ரூபாய் ஏற்றிவிட்டார்.

"ஒரு தரம்."

நீ கேள் என்று சித்தப்பா கண்ணைக் காட்டினார். நீங்கள் கேளுங்கள் என்று நான்.

"ரெண்டு தரம்."

"டபுள்!"

அத்தை. பெண்கள் பக்கத்தில் எழுந்து நின்றிருந்தாள், முக்காடு நழுவியதுகூடத் தெரியாமல். ஒருமுறை திரும்பிச் சபையைப் பார்த்தாள். பட்லர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அத்தை கையில் காலணா இல்லை. "என்னடா பாக்கறீங்க, எடுங்க ரெண்டு பேரும்" என்றாள். எடுத்தோம்.

மாலை ஜெபம். சித்தப்பா வேதம் வாசித்தார். முடித்து ஜெபிப்பது வழக்கமாக ஆயா. அவள் போனதிலிருந்து வாசிப்போடு எழுந்து போய்விடுவோம். இன்றைக்கு அத்தை முழங்கால் போட்டாள்.

"ஆண்டவரே, அம்மா இருந்தவரைக்கும் அவ கேட்டா. இனிமே நான் கேக்கறேன். தம்பிய இன்னொரு வருஷம் எனக்கு விடும். சேவல நானே கொண்டாறேன். பட்லர் மட்டும் நம்ம கோயில் பக்கம் வராம பாத்துக்கும்."

சித்தப்பாவால் ஆமென் சொல்ல முடியவில்லை. நான்தான் சொன்னேன்.