சரிவில் பாதி வழி

அத்தை,

நேற்றுக் காலை கடையின் ஷட்டரைத் தூக்கியதும் ஆப்பிள் வாசனை முகத்தில் அடித்தது. ஆஸ்பத்திரியில் யாரையோ பார்க்கப் போகிறவர் மருந்து வாங்க வந்த இடத்தில் பழப்பையைக் கவுண்டர்மேல் மறந்துவிட்டுப் போயிருக்கிறார். அடிபட்ட பழங்கள். பூட்டிய கடைக்குள் கிடந்து புழுங்கி, பாதி இனிப்பும் பாதி புளிப்புமாக இருந்தது அந்த வாசனை. வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டேன்.

நீங்கள் போய் நான்கு மாதம் ஆகிறது. உங்களிடம் சொல்லாமல் விட்டது ஒன்று என்னிடம் இருக்கிறது. அதை எழுதியாவது வைக்கவேண்டும் என்று அந்தப் படியிலேயே தோன்றியது.

பனியைக் கையால் தொட்டுப் பார்க்கவேண்டும் என்பது உங்கள் ஆசை. மஸ்கட்டில் இருந்த உங்கள் மகன் தஞ்சாவூரிலிருந்து கிளம்பும் ஒரு சுற்றுலாக் குழுவில் உங்கள் பெயரைப் பதிந்துவிட்டு, "அம்மாவுக்கு முட்டி வலி, நீயும் கூடப் போயிட்டு வா" என்று எனக்குப் போன் செய்தார். எனக்கு விருப்பமா என்று கேட்கவில்லை. கல்யாணமாகி வந்த நான்கு வருஷத்தில் அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. மருந்தாளுநர் படிப்பு முடித்து, இதே கடையில் ஒரு வருஷம் வேலை பார்த்தவள் நான். பூதலூர் வீட்டுக்கு வந்ததும் அது நின்றது. கடைக்காரர் மறுபடி கூப்பிட்டபோது உங்களிடம் வந்து சொன்னேன். "நீ போயிட்டா மதியம் எனக்கு யாரு சோறு போடுவா" என்று கேட்டீர்கள். நான் உலையில் அரிசியைப் போடப் போய்விட்டேன்.

சிம்லாவில் இரண்டு நாளும் மூட்டம். காதுவரை இழுத்த கம்பளிக் குல்லாவோடு ஹோட்டல் ஜன்னலில் நின்று பார்த்துவிட்டு, "மார்கழியில நம்ம ரயில்வே ஸ்டேஷன்ல நிக்கிற மாதிரித்தான் இருக்கு. இதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தோம்" என்றீர்கள். மணாலிக்கு மேலே, கணவாயில்தான் பனி கிடைத்தது. பாறை இடுக்கில் மண் கலந்து கிடந்த அழுக்குப் பனி. குனிந்து கையை வைத்து, "ஐஸ்பெட்டிக்குள்ள கை விட்ட மாதிரி இருக்கு" என்று சாதாரணமாகச் சொன்னீர்கள். ஆனால் விரல்கள் சிவக்கும்வரை கையை எடுக்கவில்லை. நான்தான் பிடித்து எழுப்பினேன்.

இறங்கி வரும்போது, குலுவைத் தாண்டி ஆறும் சாலையும் நெருக்கிக்கொண்டு ஓடும் இடத்தில், மலை சரிந்தது. எங்கள் பஸ்ஸுக்கு முன்னால் ஒரு வளைவு தள்ளிச் சாலையையே காணோம். திரும்பலாம் என்று டிரைவர் வண்டியை எடுத்தால், அரைமணி நேரத்தில் பின்னாலும் சரிந்துவிட்டது. நடுவில் எங்கள் பஸ், இரண்டு கார், ஆப்பிள் ஏற்றிய ஏழெட்டு லாரி.

நம் பக்கத்தில் வானம் கடைசி வரப்புவரை இறங்கி வரும். அங்கே தலைக்கு மேலே ஒரு வேட்டி அகலத்துக்குத்தான் வானம் இருந்தது. இரண்டு பக்கமும் மலை. கீழே ஆறு. "புது ஆத்துல முதத் தண்ணி வர்ற மாதிரி கலங்கிப்போயி வருது பாரு" என்று காட்டினீர்கள். நம் ஊர்ப் புது ஆற்றில் தண்ணீர் வந்தால் விதை நெல்லைப் பற்றிப் பேசுவோம். அந்த ஆறு பாறைகளை உருட்டிக்கொண்டு போன சத்தத்தில் யாருக்கும் பேச்சு வரவில்லை.

இரண்டு நாள் அங்கேயே கிடந்தோம். போனில் சிக்னல் இல்லை. மேலே ஒரு சிற்றூரிலிருந்து பெண்கள் ரொட்டியும் டீயும் கொண்டுவந்து கொடுத்தார்கள். லாரிக்காரர்கள் பெட்டிகளை உடைத்துப் பழத்தை அள்ளித் தந்தார்கள், எப்படியும் அழுகப்போகிறது. மழையில் ஜன்னலைத் திறக்க முடியாது. முப்பது பேர் மூச்சும் ஈரத்துணியும் ஆப்பிளுமாகப் பஸ்ஸுக்குள் அடைந்து கிடந்தோம். மற்றவர்கள் அழுதார்கள், டிரைவரோடு சண்டை போட்டார்கள். எனக்கு அழுகை வரவில்லை. உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, உங்களுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்துக்கொண்டு, எப்போது வெளியே போவோம் என்று தெரியாமல் இருப்பது எனக்குப் பழகியிருந்தது.

மூன்றாம் நாள் காலையில் மழை விட்டது. உள்ளூர் ஆட்கள் சரிவின் குறுக்கே கயிறு கட்டினார்கள். நடக்க முடிந்தவர்கள் கயிற்றைப் பிடித்து அந்தப் பக்கம் போனால் வேறு பஸ் நிற்கிறது. முடியாதவர்கள் மண் அள்ளும் இயந்திரம் வழியைத் திறக்கும்வரை இருக்கவேண்டும், இன்னும் ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகலாம் என்று குழுத் தலைவர் சொன்னார்.

நீங்கள் என்னைப் பார்க்காமலே, "நீ போ ஸ்டெல்லா. என் முட்டிக்கு இது ஆவாது. இன்னும் நாலு பேரு இருக்காங்க, நான் இருந்துக்குவேன்" என்றீர்கள்.

ஒரு பேச்சுக்காவது மறுத்திருக்கலாம். நான் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டேன். "சரிங்கத்தை" என்றேன். நீங்கள் கழுத்து ஜெபமாலையைக் கையில் எடுத்தீர்கள். திரும்பக் கூப்பிடவில்லை. லாரிகளைத் தாண்டி நடக்கும்போது என் கால்கள் அத்தனை லேசாக இருந்தன. உங்களைப் பற்றி நினைக்கவே இல்லை. அந்தப் பக்கம் நிற்கும் பஸ்ஸை மட்டும்தான் நினைத்தேன்.

இனிமேல் எழுதுவதுதான் உங்களுக்குத் தெரியாதது. லாரி மறைத்ததால் சரிவு உங்கள் இருக்கையிலிருந்து தெரியாது.

கயிற்றைப் பிடித்துப் பாதி தூரம் போனேன். மேலிருந்து பொடிக்கற்கள் சலசலவென்று உருண்டு வந்தன. ஒரு கால் சகதியில் வழுக்கியது. கீழே பார்த்துவிட்டேன். அதற்குமேல் உடம்பு நகரவில்லை. முன்னால் நின்ற ஆள் இந்தியில் ஏதோ சொல்லிக் கையை நீட்டினான். அவன் கையைப் பிடிக்க என்னால் முடியவில்லை. தவழ்வதுபோல் வந்த வழியே திரும்பினேன். பயம். வேறொன்றும் இல்லை.

பஸ்ஸில் ஏறியதும் என் சேற்றுக் காலையும் முகத்தையும் பார்த்தீர்கள்.

"ஏன் வந்தே? நான் கூப்பிடலையே."

"உங்களை விட்டுட்டு எப்படிங்கத்தை போறது" என்றேன்.

எங்கிருந்து அந்தச் சொல் வந்தது என்று தெரியவில்லை. அவமானத்தை மறைக்க வாயில் வந்தது. நீங்கள் கையிலிருந்த ஜெபமாலையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டீர்கள். பிறகு என் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டீர்கள். நான்கு வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். அந்த மருந்துக்கடைக்காரரு ரெண்டாந்தரமும் ஆளனுப்பினாரு. நீ குளத்துக்குப் போயிருந்தே. அவளுக்கு இஷ்டமில்லைன்னு நானே சொல்லி அனுப்பிட்டேன். தப்புதான்."

எனக்குள் கோபம் குபீரென்று எழுந்தது. கையை உதறியிருப்பேன். ஆனால் நான் சொன்ன பொய் ஆறக்கூட இல்லை; அதற்குப் பதிலாக நீங்கள் உண்மையை எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள். வாங்கிக்கொண்டு பேசாமல் இருப்பதைத் தவிர எனக்கு வழி இல்லை.

மறுநாள் மதியம் பாதை திறந்தது. ஊருக்கு வந்த அன்றே மகனைப் போனில் கூப்பிட்டு, "அவ வேலைக்குப் போவட்டும். சோத்தை நானே போட்டுத் தின்னுக்குவேன்" என்று முடித்துவிட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில், பட்டுக்கோட்டையிலிருந்து வரும் உங்கள் தங்கையிடம், பால்காரரிடம், "எல்லாரும் போனாங்க, எம் மருமவ பாதியில திரும்பி வந்துட்டா" என்று சொன்னீர்கள். ஒவ்வொரு தடவையும் நான் பக்கத்தில் நின்று தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்தார்கள். மலையிலிருந்து வெளியே வந்த நான் அந்தக் கதைக்குள் மாட்டிக்கொண்டேன். அதிலிருந்து வெளியே வந்தால் வேலை போய்விடுமோ என்று முதல் வருஷம் பயம். பிறகு உங்கள் முகம் என்ன ஆகும் என்று பயம்.

ஆஸ்பத்திரியில் கடைசி வாரம், ஊசி போட வந்த நர்ஸிடமும் நீங்கள் அதையே ஆரம்பித்தீர்கள். அவள் போனதும் சொல்லிவிடுவது என்று கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டேன். "அத்தை, அன்னிக்கு நான்..." என்றேன். நீங்கள் தூங்கிவிட்டிருந்தீர்கள். எழுப்பவில்லை. மறுநாள் உங்களுக்கு நினைவு தப்பியது.

இப்போது சொல்லிவிட்டேன். நான் உங்களுக்காகத் திரும்பி வரவில்லை. கயிற்றைத் தாண்டத் தைரியம் இருந்திருந்தால் போயே போயிருப்பேன்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும், அதுவும் உண்மை என்பதால். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம் மஸ்கட்டுக்கு வரச்சொல்லி உங்கள் மகன் எழுதினார். விசா வந்தது. நீங்களும் "போ" என்றீர்கள். தஞ்சாவூரிலேயே தங்க அறை பார்த்துத் தருவதாகக் கடைக்காரர் சொன்னார். வழியில் எந்தச் சரிவும் இல்லை, கல் எதுவும் உருளவில்லை. அப்போதும் தினம் மாலை ரயிலில் வந்து பூதலூரில் இறங்கினேன். வாசல் கதவைத் திறக்கும்போது உள்ளேயிருந்து, "வந்துட்டியா" என்பீர்கள்.

"வந்துட்டேங்கத்தை" என்பேன். அதில் மட்டும் பொய் இருந்ததில்லை.

ஸ்டெல்லா