கேட்காமலே கப்பலேற்றினார்கள்

சேசு மரி சூசை துணை

மாரிகுப்பம், 1909 ஆகஸ்டு 22, ஞாயிறு

என் அன்பு மகன் வால்டருக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் தயவில் இங்கே எல்லோரும் எழுந்து நடமாடுகிறோம், பிரிட்டோரியாவில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று காலைப் பூசையில் வேண்டிக்கொண்டு வந்துதான் எழுத உட்கார்ந்தேன். அப்பாவுக்கு இருமல் குறையவில்லை, ஆனால் சுரங்கத்துக்குள் இறங்க வேண்டாம் என்று மேலே விளக்கு அறையில் போட்டிருக்கிறார்கள். உன் தங்கை ஐடாவுக்கு இரண்டாவதும் பெண், மூக்கு அப்படியே உன்னுடையது.

போன மாதம் ஒரு மத்தியான ரயிலில் நம்ம சகாயம் வந்து இறங்கினான். பாலகாட் மண்மேட்டில் உன்னோடு தகரத்தில் உட்கார்ந்து சறுக்கி முழங்காலைத் தேய்த்துக்கொண்டு வருவானே, அவன்தான். பெட்டி இல்லை, படுக்கை இல்லை, கப்பலில் கொடுத்த ஒரு கம்பளி மட்டும். பார்த்துவிட்டுப் போக வந்திருக்கிறான் என்று நினைத்து ஓடினேன். பிடித்து அனுப்பிவிட்டார்களாம். ஜொகனஸ்பர்க்கில் வேலைக்குப் போகும் வழியில் போலீஸ்காரர்கள் நிறுத்தி, அங்கே இந்தியர்கள் எல்லோரும் வைத்திருக்க வேண்டிய ரிஜிஸ்டர் பத்திரம் எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். வூட்ல கீதுங்க, பத்து நிமிசம் கூட வாங்க, காட்றேன் என்று கெஞ்சியிருக்கிறான். யாரும் போகவில்லை. இரண்டு நாள் அடைத்துவைத்து, மூன்றாம் நாள் ஒரு மேஜைக்கு முன்னால் நிறுத்தி ஊர் எது என்று கேட்டார்களாம். கோலாருன்னேன் அத்தை, வேற எதுவும் கேக்கல என்றான். ரயிலில் எல்லை தாண்டி ஏதோ துறைமுகம், அங்கிருந்து கப்பல், மெட்ராசு. அவன் பெண்டாட்டி லூயிசா ஆறு மாதக் கர்ப்பிணி. எங்கே கொண்டுபோனார்கள் என்றுகூட அவளுக்குச் சொல்லவில்லையாம். உனக்காவது செய்தி எட்டியதோ இல்லையோ தெரியவில்லை.

கோயில் வாசலில் இதே பேச்சுதான். ராஜப்பா மேஸ்திரி ஒரே பிடியாக நிற்கிறார், வெள்ளக்காரன் ஊரு அவன் சட்டம், வேணாம்னா அனுப்பறான், இதுல இன்னா ஞாயம் கேக்கறீங்க என்று. உன் அப்பா வாய் திறப்பதே அபூர்வம், அவரே சொன்னார், அனுப்பட்டும் மேஸ்திரி, ஒரு வார்த்தை கேட்டுட்டு அனுப்பட்டும். திருட்டுத்தனமா போனவனும் கீறானே, ஒவ்வொருத்தனையும் குந்தவச்சிக் கேட்டா ஆவுற காரியமா என்றார் மேஸ்திரி. கேக்காம யாரு திருட்டுத்தனமா போனான்னு எப்டி தெரியும் என்று அப்பா இருமிக்கொண்டே கேட்டார். மேஸ்திரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு அந்த நாள் ஞாபகம் வந்துவிட்டது. உனக்கு ஐந்து வயசு. ரயில் வராத காலம், பங்காருபேட்டையிலிருந்து மாட்டு வண்டிதான். இப்போது சுரங்கமெல்லாம் எலக்ட்ரிக் விளக்கு, அப்போது நம் லைனில் மூங்கில் தட்டி வீடுகள், காற்றடித்தால் அடுத்த வீட்டுக் குழம்பு வாசனை நம் வீட்டில் இருக்கும், நீ எந்த வீட்டில் சாப்பிட்டாய் என்று நான் தேடிக்கொண்டு போவேன். சங்கு ஊதினால் எல்லாப் பெண்களும் வாசலில் வந்து நின்று அவரவர் ஆள் வருகிறாரா என்று பார்ப்போம். எவ்வளவு பயமோ அவ்வளவு சிரிப்பும் இருந்தது அந்த லைனில். அப்படி இருந்தபோதுதான் உடை மாற்றும் கொட்டகையில் அப்பா பை மாட்டும் ஆணிக்குக் கீழே தங்கக் கல் ஒன்று கிடைத்ததென்று காவல்காரர்கள் வந்து, மத்தியானத்துக்குள் வீட்டைக் காலி செய்து சுரங்க எல்லைக்கு வெளியே போகச் சொன்னார்கள். நீ கோழியை அணைத்துக்கொண்டு எங்கே போகிறோம் என்று கேட்டுக்கொண்டே வந்தாய். வேலிக்குப் பக்கத்தில் தாடிக்காரச் சுரங்கக் கேப்டன் துரை குதிரையில் வந்தார். நான் பெங்களூரில் ஆயா வேலை பார்த்தபோது கற்ற இங்கிலீஷில் வாயில் வந்தது இரண்டே வார்த்தை, ஆஸ்க் ஹிம், ஆஸ்க் ஹிம். குதிரைக்குக் குறுக்கே நின்று அதையே சொன்னேன். அவர் இறங்கினார், எந்த ஷிப்டு என்று அப்பாவைக் கேட்டார், ஆள் வருகைப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார். கல் கிடைத்த அன்று அப்பா காய்ச்சலில் வேலைக்கே போகவில்லை. அவ்வளவுதான், பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு திரும்பினோம். அன்றைக்கு வைத்த கருவாட்டுக் குழம்பைப் போல அப்புறம் ஒரு நாளும் எனக்கு வைக்க வரவில்லை.

இதைப் பல தடவை உனக்குச் சொல்லியிருக்கிறேன். சொல்லாததையும் இப்போது சொல்கிறேன். அடுத்த வாரமே நாலாவது வீட்டு முனியப்பனை அதே மாதிரி அனுப்பினார்கள். அவன் பெண்டாட்டி நம் வாசலில் வந்து, அக்கா நீ வந்து சொல்லு என்றாள். எங்கே நம்மையும் சேர்த்து அனுப்பிவிடுவார்களோ என்று நான் கதவைத் திறக்கவில்லை. அவர்கள் எங்கே போனார்கள் என்று இன்றுவரை தெரியாது. சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியாகிவிட்டது, ஆனாலும் மனசு ஆறவில்லை.

சகாயத்துக்காகச் சாமியார் சர்க்காருக்கு மனு எழுதினார், லைன் முழுவதும் கையெழுத்துப் போட்டது. ராஜப்பா மேஸ்திரி சாயந்திரம் தானாக வந்து கைநாட்டு வைத்தார். சகாயம் செப்டம்பர் கடைசியில் மெட்ராசில் கப்பலேறுகிறான். கையில் பத்திரம் இல்லாவிட்டால் டர்பன் துறைமுகத்தில் இறங்கவே விடமாட்டார்கள் என்கிறான். பத்திரம் லூயிசாவின் துணிப்பெட்டி அடியில் இருக்கிறதாம். நீ ஒதுங்கி இரு, வம்பில் தலையிடாதே என்று எழுதத்தான் மகனே முதலில் தாள் எடுத்தேன். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். நீ ஜொகனஸ்பர்க் போ. லூயிசாவிடம் அவன் உயிரோடு இருக்கிறான் என்று முதலில் சொல். பத்திரத்தை வாங்கிக்கொண்டு, விவரம் தெரிந்த வக்கீல் ஒருவரோடு துறைமுகத்தில் நில். அங்கிருக்கும் அதிகாரியிடம் சகாயத்தை ஒரு வார்த்தை கேட்கச் சொல், கேட்கும்வரை நகராதே. எனக்குப் பயமில்லாமல் இல்லை.

உன் சொந்தப் பத்திரத்தைச் சட்டைப் பையில் வைக்காமல் வெளியே போகாதே. குளிருக்குக் காதை மூடிக்கொள். மாதா உன் முன்னே நடக்கட்டும், நீ எடுத்த காரியம் கூடிவரட்டும். லூயிசாவைப் பார்த்த அன்றே ஒரு வரி எழுது.

உன் நினைவாகவே இருக்கும் அம்மா,
மரியகுழந்தை